கங்கம்மா செடி

தெய்வானை குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

அவளுக்குப் பின்னால் எங்கள் சந்துப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கொரு பித்தளைக் கிண்ணம், உத்தரணி, மூக்குச் செம்பு. ஐப்பசி அடைமழை விட்டு முதல் வெயில் வந்த காலை அது. ஓட்டு விளிம்பில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சேற்று வாசனையும், அவர்கள் தலையில் இருந்த சாமந்தி வாசனையும், இன்னதென்று சொல்லத் தெரியாத ஒரு புளித்த வாசனையும் எங்கள் முன்னறையில் கலந்து நின்றன.

வரிசையில் முதலாவதாக நின்றவள் லோகு. சந்தின் கோடி வீட்டுக்காரி, சின்னப் பெண். அவள் தோளில் அவளுடைய குழந்தை துவண்டு கிடந்தது. பழைய புடவையை நாலாக மடித்துச் சுற்றியிருந்தும் அதற்குக் குளிர் அடங்கவில்லை. வெயிலில் நிற்கிற கோழிக்குஞ்சு நடுங்குமா? அந்தக் குழந்தை நடுங்கியது.

ஜன்னலோரம் ஒரு முக்காலி. முக்காலியின்மேல் ஒரு தொட்டி. தொட்டியில் ஒரு செடி. அதன் இலைகள் நடுவில் கூடி ஒரு குழியாகி, அந்தக் குழியில் தண்ணீர். அத்தனை கிண்ணங்களும் அந்தத் தண்ணீருக்குத்தான் வந்திருந்தன.

"இன்னாமே, பாத்துக்கினே கீற? மொண்டு குடு. புள்ள துவளுது பாரு" என்றாள் பக்கத்து வீட்டுப் பட்டம்மா.

தெய்வானை என் மனைவி. நான் பஸ் கண்டக்டர்; காக்கிச் சட்டையும் தோல் பையுமாக முதல் டிரிப்புக்குக் கிளம்பி வாசற்படியில் ஒரு காலை வைத்திருந்தேன். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. முதுகு தெரிந்தது. பெரும் பாரத்தைத் தூக்கப் போகிறவளின் முதுகு மாதிரி அது இறுகியிருந்தது.

அந்த முதுகை அப்படியே நிறுத்திவிட்டு, செடி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால், அடுத்து அவள் செய்தது வெறும் ஆத்திரம் என்று நினைத்துவிடுவீர்கள்.

துரைசாணி விட்டுப் போனது

யுத்த காலம். பட்டணத்தில் குண்டு விழும் என்று ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிராமங்களைப் பார்த்து ஓடிவந்த வருஷமோ, அதற்கு அடுத்ததோ. பூந்தமல்லியில் வெள்ளைக்காரப் பட்டாளத்து ஆட்கள் சிலர் குடும்பத்தோடு இருந்தார்கள். அதில் ஒரு பங்களாவின் துரைசாணி, கப்பல் கிடைத்ததும் புறப்பட்டுப் போய்விட்டாள். அவள் வளர்த்த பூந்தொட்டிகளை பட்லர் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே வரிசையாக வைத்துவிட்டான். வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம்.

ரோஜா முதலில் போனது. பிறகு குரோட்டன்ஸ். பெரணியைக்கூட யாரோ எடுத்துப் போனார்கள். இது ஒன்றுதான் மிச்சம். அன்னாசியின் தலையை வெட்டி நட்ட மாதிரி ஒரு வடிவம். பழமும் இல்லை, பூவும் இல்லை, வாசனையும் இல்லை. இலை ஓரத்தில் சின்னச் சின்ன முள். பச்சையின்மேல் விபூதி பூசிக் கலைந்தது போல வெளிறிய பட்டைகள்.

எங்கள் பஸ் கரி வண்டி. பெட்ரோல் கிடைக்காத காலத்தில் பின்புறம் ஓர் உலையைக் கட்டி, அதில் கரியை மூட்டி, அந்தப் புகையில் ஓட்டினார்கள். இதைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். அது பஸ்ஸா, கொல்லன் பட்டறையா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். காலையில் பட்டறை, மத்தியானம் பஸ், மேட்டைக் கண்டால் இரண்டும் இல்லை.

அந்தப் பங்களாவுக்கு நேராக வண்டி மூச்சை விட்டுவிட்டது. நான் இறங்கி உலை விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். செம்பரம்பாக்கம் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு அதே வண்டியில் வந்துகொண்டிருந்த தெய்வானையும் இறங்கினாள். திரும்பி ஏறும்போது இடுப்பில் இந்தத் தொட்டி.

"இன்னா தங்கச்சி, அன்னாசி எங்க? தொர பயத்த துன்னுட்டு உனுக்குக் கொண்டைய குட்த்தானா?" என்றார் நசரத்பேட்டையில் ஏறிய ஒரு பெரியவர்.

"கொண்டையே இருக்கட்டுமே. உன்ன மாரி பக்கத்துல குந்துறவங்க மேல சாஞ்சிக்கினு தூங்காது இல்ல?"

வண்டியே சிரித்தது. டிரைவர் காதர் பாய் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "கண்டக்டரே, சொந்தம்னு உட்றாத. எலைக்கு ஒரு டிக்கிட் கிழி."

மண் கேட்காதது

வீட்டுக்கு வந்ததும் அவள் அதற்கு ராஜோபசாரம் செய்தாள். ஏரி வண்டல் கொண்டுவந்து நிரப்பினாள். மாட்டெரு போட்டாள். காலையும் மாலையும் வேரில் தண்ணீர். கொஞ்ச நாளில் அடியிலைகள் பழுப்பாகி, பிடித்து இழுத்தால் கையோடு வந்தன. மோந்து பார்த்தால் அழுகல்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "போட்டதெல்லாம் கக்குதே இது!" என்று தொட்டியைக் கவிழ்த்து மண்ணையெல்லாம் உதறினாள். எறியவும் மனசில்லை. கையில் கிடைத்ததைப் போட்டு நிறுத்தி வைத்தாள். பஸ் உலையிலிருந்து அடுப்புக்காக நான் கொண்டுவரும் கரித்துண்டு, உடைந்த ஓடு, தேங்காய் நார். அவ்வளவுதான். இனி இருந்தால் இருக்கட்டும், போனால் போகட்டும்.

அது இருந்தது. குப்பை மாதிரி ஒன்றில் கால் வைத்ததும் நிமிர்ந்துவிட்டது. அதற்கு மண் வேண்டாம், பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் போதும். வேரில் தண்ணீர் வேண்டாம், நடுக்குழியில் நின்றால் போதும். ஜன்னலோரத்து இளம் வெயில் போதும், உச்சி வெயில் ஆகாது. வாரத்துக்கு ஒரு தரம் தொட்டியைச் சாய்த்துப் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். நடுவில் குறைந்தால் காலையில் கொஞ்சம். இதற்குமேல் அதற்கு ஒன்றும் தேவை இல்லை. ஒரு பூனைக்குட்டிக்கு இதைவிட அதிகம் செய்யவேண்டியிருக்கும்.

வெகுகாலம் கழித்துப் பட்டணத்தில் ஒரு புஷ்பக் கண்காட்சியில் இதன் அண்ணன் தம்பிகளைப் பார்த்தேன். புரோமிலியாட் என்று அட்டை வைத்திருந்தார்கள். அன்னாசிக்குப் பங்காளியாம். கடல் தாண்டி எங்கோ ஒரு மழைக்காட்டில் மரக்கிளைகளில் தொற்றிக்கொண்டு, விழுகிற மழையைத் தன் மடியில் பிடித்து வைத்துக்கொண்டு வாழ்கிற குலமாம். ஒரு தரம்தான் பூக்குமாம். பூத்த தாய் மெல்ல மெல்ல வற்றிப்போக, அடியில் கன்றுகள் கிளம்புமாம். அட்டையைப் படித்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன். ஒரே இடத்தில் நிற்பது எனக்கு வழக்கமில்லை. என் கால்கள் ஓடுகிற வண்டியில் பழகியவை.

மூடிய முந்தானைகள்

எங்களுக்குக் குழந்தை இல்லை. அப்போது அந்தச் சந்தில் அதைச் சொல்லக்கூட வேண்டியதில்லை. தெய்வானை எதிரே வந்தால் பெண்கள் இடுப்பிலிருக்கும் குழந்தையின்மேல் முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வார்கள். வெயிலுக்கு மறைக்கிற மாதிரி இருக்கும். வெயில் இல்லாத நாளிலும் மறைப்பார்கள்.

வளைகாப்புக்கு அவளைக் கூப்பிடமாட்டார்கள். மறுநாள் மீந்த சித்திரான்னத்தைக் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுப்பார்கள். புளிசாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம். அவள் வாங்கி வைத்துக்கொள்வாள். சாப்பிடுவது நான்.

அவர்கள் கெட்டவர்கள் அல்ல. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர்கள். பயந்தவர்கள், அவ்வளவுதான். அந்தச் சந்தில் காய்ச்சலுக்கு ஒரு பிள்ளையைக் கொடுக்காத வீடு கிடையாது. குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரை யுத்தத்துக்குப் போய்விட்டது. பிள்ளையைக் காப்பாற்ற அவர்கள் கையில் இருந்தது ஒரு முந்தானை. அதை இழுத்து மூடினார்கள்.

இதை நான் புரிந்துகொண்டது பிற்பாடு. அப்போது எனக்கு உள்ளுக்குள் எரியும். பஸ்ஸில் அவர்கள் சில்லறை நீட்டினால் முகம் பார்க்காமல் வாங்குவேன். தெய்வானைதான் சொல்வாள்: "உடு மாமா. அவங்க பயம் அவங்களுக்கு. நம்மகிட்ட செடி கீது."

பூட்டிய வீடு

ஒரு சித்திரைக் கடைசியில் அவள் அண்ணன் ஊரில் தீமிதி. வீட்டைப் பூட்டிக்கொண்டு இருவரும் போனோம். திரும்பி வர ஒரு வாரத்துக்குமேல் ஆகிவிட்டது. சந்துக் கிணறு அடிமண் தெரிய வற்றியிருந்தது. வாசல் துளசி சுள்ளியாகிக் கிடந்தது. செம்பருத்தி போயிற்று.

பூட்டைத் திறக்கும்போது பட்டம்மா வாசலில் நின்று ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். ஜன்னலோரம் போனாள். பேச்சு நின்றது.

"தே, தெய்வான. இங்க வா."

"இன்னாக்கா?"

"ஊடு பூட்டிக் கெடந்திச்சி. கெணத்துல தண்ணி இல்ல. இதுக்கு யாரு ஊத்தனது?"

செடி பச்சைப்பசேலென்று நின்றது. நடுக்குழியில் தண்ணீர் பளபளத்தது. எட்டிப் பார்த்த பட்டம்மாவின் மூக்குத்தி அதில் தெரிந்தது.

யாரும் ஊற்றவில்லை. நாங்கள் போகும்போது நிரம்ப ஊற்றியதுதான். ஜன்னலை மூடிய இருட்டறையில், ஒன்றுக்குள் ஒன்றாய் இறுகிய இலைகளுக்கு நடுவே, அது மெல்லத்தான் வற்றும். பாதி வற்றியுமிருந்தது. ஆனால் பட்டம்மா பார்த்தது இருந்த பாதியை. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கங்கம்மா தாயே!"

சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது.

மஞ்சள், குங்குமம், பால்

முதலில் கண் வலிக்காரர் ஒருவருக்கு ஓர் உத்தரணி போயிற்று. சரியாயிற்று. கண் வலி சரியாகத்தான் ஆகும். பிறகு பால் சுரக்காத தாய்க்கு. பிறகு இரவில் அலறுகிற குழந்தைக்கு. ஆடி பிறந்தபோது இலைகளுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை செருகினார்கள். நடுக்குழியில் யாரோ ஒரு கரண்டி பாலும் ஊற்றினார்கள்.

தெய்வானை மறைக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் வாரமே சொன்னாள்: "அக்கா, தெனம் காலைல நாந்தான் ஊத்தறேன். நம்ம கெணத்துத் தண்ணி."

பட்டம்மா சிரித்தாள். "நீ ஊத்தறது நெறையறதுக்குடி. ஆத்தா ஊர்றது வேற."

 

ஒரு நாள் அவள் வழக்கம்போலப் பழைய தண்ணீரைக் கொட்டத் தொட்டியைச் சாய்த்தாள். பட்டம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "கங்கைய சாக்கடைல கொட்டுவியா? குடும்பம் உருப்படுமா?" அன்றிலிருந்து கொட்டுவது நின்றது. பழையதன்மேல் புதியது. பாலின்மேல் தண்ணீர். குங்குமத்தின்மேல் மஞ்சள்.

ஏன் விட்டாய் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். பெண்கள் வீட்டுக்குள் வந்தார்கள். உட்கார்ந்தார்கள். வெற்றிலை போட்டார்கள். மாமியாரைத் திட்டினார்கள். தெய்வானையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு மாலை நான் வீடு திரும்பும்போது உள்ளே அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. வாசலில் நின்று அந்தச் சிரிப்பு முடிகிறவரை கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

மழைக்காலம் தொடங்கியபோது செடியின் நடுவிலிருந்து, அந்தத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, ஒரு சிவந்த மொட்டுக் கிளம்பியது. அதன் மடல்கள் விரிந்தபோது சந்தே அசந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் பட்டம்மா தாம்பாளத்தோடு வந்தாள். அவள் மகள் கமலா தலைச்சன் பிரசவத்துக்கு வந்திருந்தாள். தலைச்சன் என்பது பேச்சுக்கு. முன்பு வந்தவை தங்கவில்லை.

"வர்ற வெள்ளிக்கெயம வளகாப்பு. மொத வளையல் நீதான் போடணும், தெய்வான. கங்கம்மா ஊட்டுக்காரி கையி."

பட்டம்மா போனபிறகு தெய்வானை டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். எங்கள் கல்யாணத்து அரக்குக் கூறைப்புடவையை எடுத்துக் கொடியில் உலர்த்தினாள். மழைக்காலத்தில் உலருமா? உலர்த்தினாள்.

நிமிர்ந்த முதுகு

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். வளைகாப்புக்கு இன்னும் சில நாள். குனிந்த தெய்வானை. பின்னால் வரிசை. லோகுவின் தோளில் குழந்தை.

தெய்வானை நிமிர்ந்தாள். "லோகு, கிண்ணத்த கீய வெய்."

"இன்னாக்கா?"

"இதுல புயு கீது."

எட்டிப் பார்த்தேன். கலங்கிய நீரில், மேல்மட்டத்தில் வாலால் தொங்கிக்கொண்டு, கொசுப்புழுக்கள். நிழல் விழுந்ததும் நெளிந்து நெளிந்து கீழே போயின. அந்தப் புளித்த வாசனை எங்கிருந்து வந்ததென்று தெரிந்தது.

"புயுவா? ஆத்தா தண்ணில புயு வருமா? கண்ணத் தொடச்சிக்கினு பாரு" என்றாள் பட்டம்மா.

"நீ வந்து பாருக்கா."

பட்டம்மா வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "மேலாப்புல மொண்டு குடு. நல்ல வாக்கு சொல்லிக் குடு. கங்கம்மா பாத்துக்குவா."

"கங்கம்மா இல்லக்கா இது. கெணத்துத் தண்ணி. கொட்டாம வெச்சி வெச்சி நாறிப்போச்சி. இத்த இந்தப் புள்ள வாய்ல ஊத்தச் சொல்றியா?"

"வெள்ளிக்கெயம எம் பொண்ணு கைக்கு மொத வளையல் போடப் போறவ பேசற பேச்சாடி இது?"

ஓட்டிலிருந்து சொட்டுகிற சத்தம் கேட்டது. தெய்வானை பட்டம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் ஒரு துளியும் இல்லை. என்னை இதைச் செய்ய வைக்காதே என்கிற கெஞ்சல்தான் இருந்தது. பிறகு கொடியில் தொங்கிய கூறைப்புடவையைப் பார்த்தாள். பிறகு குழந்தையை.

தொட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள். பெண்கள் விலகி வழி விட்டார்கள். பூஜைக்கு எடுத்துப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். வாசலைத் தாண்டி, சாக்கடை ஓரம் போய், செடியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

மஞ்சளாக, சிவப்பாக, திரித்திரியாகத் தண்ணீர் கொட்டியது; குடம் குடமாக அல்ல, ஒரு செம்பளவுதான். ஆனால் அந்தச் சந்தில் ஏரி உடைந்த மாதிரி இருந்தது. வேப்பிலை விழுந்தது. பூவின் சிவந்த மடல் ஒன்று ஒடிந்து விழுந்தது. ஈரத் தரையில் புழுக்கள் துடித்தன. எல்லாரும் பார்த்தார்கள்.

பட்டம்மா வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "எம் பொண்ணு வயித்துல அடிச்சிட்டியேடி பாவி" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

அந்தக் கொசு இந்தக் காய்ச்சலைத் தருகிற கொசுதானா, எனக்குத் தெரியாது. தெய்வானைக்கும் தெரியாது. புழு நெளிகிற தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

"மாமா, வண்டி மூட்டியாச்சா?"

"காதர் பாய் மூட்டிட்டிருப்பார்."

"லோகு, கெளம்பு. பெரியாஸ்பத்திரிக்கு."

லோகு பட்டம்மாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், அழ ஆரம்பித்தாள். அவள் புருஷன் பட்டாளத்தில் மண் வெட்டப் போய், எந்தத் தேசத்தில் இருக்கிறானோ. "ஆஸ்பத்திரில போட்டா திரும்பி வராதுன்றாங்களே அக்கா."

"நான் கூட வரேன்."

கரி வண்டியில்

காதர் பாய் குழந்தையைப் பார்த்தார். "விசிறிய சுத்து" என்றார் என்னிடம். சுற்றினேன். தோள்பட்டை கழன்றுவிடும்போலச் சுற்றினேன். உலை செக்கச்செவேலென்று கனன்றதும் வண்டி கிளம்பியது.

சென்னீர்குப்பம் தாண்டி ஒரு பாலத்து மேடு. அங்கே வண்டி வழக்கம்போலத் திணறி நின்றது. ஆண்கள் இறங்கித் தள்ளினோம். அசையவில்லை. மழையில் ரோடு நெகிழ்ந்திருந்தது.

"இன்னும் ரெண்டு கை வேணும்" என்று கத்தினார் காதர் பாய்.

லோகு எழுந்தாள். செங்கல் சூளையில் கல் சுமந்தவள், நல்ல பலசாலி. குழந்தையை அப்படியே தெய்வானையின் மடியில் போட்டாள். "பாத்துக்கக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்தாள்.

முந்தானையை இழுத்து மூடுகிறவர்களில் லோகுவும் ஒருத்தி. அதை அவள் அப்போது நினைத்ததாகத் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். பின்கண்ணாடி வழியே நான் தெய்வானையைப் பார்த்தேன். குழந்தையைத் தூக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. மடியில் விழுந்தபடியே வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் அதற்கு மேலே, தொடாமல், கூரை மாதிரி பிடித்திருந்தாள். வண்டி குலுங்கி நகர்ந்தபோதுதான் அவள் கைகள் இறங்கின.

பெரியாஸ்பத்திரியில் குழந்தையைச் சேர்த்துக்கொண்டார்கள். டாக்டர் வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஊசி போட்டார். இரண்டு மூன்று நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார். லோகு அங்கே தங்கினாள். தெய்வானை கடைசி வண்டியில் என்னோடு திரும்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கை வைத்துக்கொண்டு செடியை ஒவ்வொரு இலையாகக் கழுவினாள். ஒடிந்தது போக மிச்சப் பூ நின்றது. புதுத் தண்ணீர் ஊற்றி ஜன்னலோரம் வைத்தாள். மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும்.

வெள்ளிக்கிழமை

விடிவதற்கு முன்பே பக்கத்து வீட்டில் புளிக்காய்ச்சல் கொதிக்கிற வாசனை. அப்புறம் பெண்களின் குரல், சிரிப்பு, வளையல்காரர் பெட்டியைத் திறக்கிற கலகலப்பு. சுவர் ஒன்றுதான் நடுவில். எல்லாம் கேட்டது.

பட்டம்மாவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவள்மேல் எனக்கு இன்று வருத்தம் இல்லை. கையில் இருந்த ஒரே நம்பிக்கையைக் கண்முன்னால் சாக்கடையில் கொட்டினால் யாருக்குத்தான் பொறுக்கும்? கமலாவுக்குப் பிற்பாடு சுகப்பிரசவம் ஆயிற்று. கவிழ்ப்பதற்கு முன்பு குடித்த தண்ணீர்தான் காப்பாற்றியது என்று பட்டம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் படியை மட்டும் அவள் மறுபடி மிதிக்கவில்லை.

நான் பையை மாட்டிக்கொண்டு திரும்பினேன். தெய்வானை கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தலையில் பூ. நெற்றியில் பெரிய குங்குமம்.

நான் கேட்டேன்: "கூப்பிடாத வீட்டுக்கா?"

"அங்க இன்னாத்துக்குப் போறேன்? வண்டில எடம் கீதா, மாமா? புள்ளய பாத்துட்டு வரணும்."

"ஆஸ்பத்திரிக்கா? இந்தப் புடவையிலா?"

"எட்த்தாச்சி. திரும்பி மடிச்சி வெச்சா பூச்சிதான் அரிக்கும்."

பட்டம்மா வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். தாண்டினோம். தெய்வானை வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

வண்டியில் காதர் பாய் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா தங்கச்சி, மறுபடியும் கண்ணாலமா? கண்டக்டருக்குச் சொல்லிட்டியா?" அவள் சிரித்தாள். ஆனால் கைகள் மடியில் ஒன்றையொன்று பிசைந்தபடியே இருந்தன. அந்தக் கட்டில் காலியாக இருந்தால்? நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு டிக்கெட் கிழித்தேன். ஒருவருக்கு இரண்டு தரம் கிழித்துவிட்டேன்.

வார்டு வாசலில் ஒரு காவல்காரர், முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பார்வ நேரம் சாயங்காலம். இப்ப சொந்தக்காரங்கதான். நீ யாருமே?"

தெய்வானை வாயைத் திறந்தாள். "நான்... பக்கத்து... ஒரே சந்து..."

"பக்கத்து ஊடு, எதிர்த்த ஊடுலாம் சாயங்காலம் வா. போ, போ."

உள்ளேயிருந்து ஒரு குரல் பாய்ந்து வந்தது. தூரத்துக் கட்டிலில் லோகு எழுந்து நின்றிருந்தாள். அவள் கையில் ஒரு ரொட்டித் துண்டு. கட்டிலில் தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தது குழந்தை. உட்கார்ந்திருந்தது.

"உடு அண்ணாத்தே! அக்காய்யா அது! எங்கக்கா!"

காவல்காரர் தெய்வானையின் புடவையைப் பார்த்தார், லோகுவின் கிழிசலைப் பார்த்தார். "கூடப் பொறந்ததா?"

"ஆமா! மூத்தது!" என்றாள் லோகு, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி.

அவர் காலை மடக்கி வழி விட்டார். தெய்வானை உள்ளே போனாள். பின்னாலேயே நானும் காலை எடுத்து வைத்தேன். குறுக்கே ஒரு கை வந்தது.

"நீ யாரு, நைனா?"

"அந்தம்மா வீட்டுக்காரன்."

"அந்தம்மாதான் உள்ள போயிட்ச்சே. உனுக்கு இன்னா வேல? அப்பால நில்லு."

நின்றேன். இரண்டு பக்கமும் வரிசையாக வெள்ளைக் கட்டில்கள். நடுவில் அந்த அரக்குப் புடவை அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.